முட்டுக்கொடுத்து நிற்கும் வீடுகள்

மே மாதக் கடைசியில், மழை வந்து இறங்குவதற்கு முன், தென் மும்பையின் பழைய தெருக்களில் சுத்தியல் சத்தம் கேட்கும். பழுதுபார்ப்பு வாரியத்தின் பொறியாளர், நூறு வயதைத் தொட்ட ஒரு மாடி வீட்டின் மரத்தூண்களைத் தட்டிப் பார்க்கிறார். வைரம் பாய்ந்த தேக்கு 'டணார்' என்று பதில் சொல்லும். உள்ளே உளுத்துப்போன தேக்கு 'பொத்'தென்று அடங்கிவிடும். அவர் தேடி வந்திருப்பது இந்த இரண்டாவது சத்தத்தை.

மரப்படிகள் முனகுகின்றன. நடையில் காயும் துணிகளை விலக்கிக்கொண்டு அவர் போகிறார். ஒவ்வொரு கதவிலும் இரண்டு மூன்று தலைகள். யாரோ தேநீர் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். கட்டடம் விழுந்துவிடுமா என்று அவரை யாரும் கேட்பதில்லை. சுவரில் விரல் நுழையும் விரிசலோடு பல மழைக்காலங்களைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு பொறியாளர் வேண்டியதில்லை. அவர்களுடைய கண் அவர் கையிலுள்ள காகிதத்தின் மீது. 'மிக ஆபத்தானது' என்று அவர் எழுதிவிட்டால் நோட்டீஸ் வரும். பிறகு குழாயில் தண்ணீர் நிற்கும், மின்சாரம் நிற்கும், கடைசியில் போலீஸ் வரும். கூரை என்றைக்கோ ஒருநாள் விழலாம், விழாமலும் போகலாம். நோட்டீஸ் வந்தால் வீடு போவது நிச்சயம். இந்தக் கணக்கில் கூரையைவிடப் பொறியாளர்தான் அபாயமானவராகத் தெரிகிறார்.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால் மகாராஷ்டிர வீட்டு வசதி ஆணையமான 'மஹாடா' ஒரு பட்டியல் வெளியிடுகிறது. தன் பொறுப்பிலுள்ள பழைய கட்டடங்களில் மிக ஆபத்தானவை இன்னின்னவை என்று தெருப்பெயர், கதவு எண்ணோடு செய்தித்தாள்களில் வந்துவிடும். 2024-ல் அந்தப் பட்டியலில் இருந்தவை 20 கட்டடங்கள். 2025-ல் அது 96 ஆகிவிட்டது. ஒரே ஆண்டில் 76 கட்டடங்கள் புதிதாகத் தளர்ந்துவிட்டன என்று இதற்கு அர்த்தமல்ல. பார்த்தவர்கள் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மாநகராட்சி தன் பங்குக்கு இன்னொரு பட்டியல் போடுகிறது. மழைக்காலத்தில் ஒரு கட்டடம் சரிந்தால், மறுநாள் பத்திரிகைகள் முதலில் தேடுவது அதன் பெயர் இந்தப் பட்டியல்களில் இருந்ததா என்றுதான். சில சமயம் இருக்கும். இருந்தால் அதிகாரிகளின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்: 'நாங்கள்தான் அப்போதே எச்சரித்தோமே!'

பேண்டி பஜாரில் பாக்மோடியா தெருவின் ஹுசைனி கட்டடம் இந்த வகையைச் சேர்ந்தது. வயது 117 என்றார்கள். 2011-லேயே அது பழுதடைந்தது என்று மஹாடா அறிவித்திருந்தது. வட்டாரம் முழுவதையும் இடித்துக் கட்டும் பெரிய திட்டம் ஒன்றும் கைவசம் இருந்தது. 16.5 ஏக்கர், சுமார் 250 கட்டடங்கள். அதை நடத்தும் அறக்கட்டளை ஹுசைனியில் இருந்த குடும்பங்களில் சிலவற்றை 2013-14 வாக்கில் தற்காலிக வீடுகளுக்கு மாற்றிவிட்டது. மற்றவர்கள் நகரவில்லை. காலி செய்யச் சொல்லி அவர்களுக்கு மறுபடியும் கடிதங்கள் போயின. 2017 ஆகஸ்ட் 29 அன்று நகரத்தைப் பெருமழை புரட்டிப் போட்டது. 31-ஆம் தேதி காலையில் கட்டடம் அப்படியே அமர்ந்துவிட்டது. இறந்தவர்கள் 33 பேர்.

பரிசோதனை நடந்திருந்தது, அறிவிப்பு வந்திருந்தது, நோட்டீஸ் போயிருந்தது, மாற்று வீடும் இருந்தது. கையேட்டில் சொன்னபடி நடக்கவேண்டியவை அநேகமாக எல்லாமே நடந்திருந்தன. அப்படியும் மக்கள் ஏன் உள்ளே இருந்தார்கள்? 'அறியாமை', 'பிடிவாதம்' என்று சொல்லிவிடுவது சுலபம். விபத்துக்கு அடுத்த நாள் தலையங்கங்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்லும். ஆனால் எண்பது ஆண்டுக் கதை ஒன்று இதன் பின்னால் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாயில் வீட்டு வாடகை தாறுமாறாக ஏறியது. அதைப் பிடித்து நிறுத்தினார்கள். 1947-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் தேதியன்று என்ன வாடகையோ அதுவே நியாய வாடகை என்று நிர்ணயித்தது. போர்க்காலத்துக்கான ஏற்பாடு. போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது, பம்பாய் மாகாணம் மாநிலமாகி அதுவும் இரண்டாகப் பிரிந்தது. வாடகை மட்டும் 1940-லேயே நின்றது. வாடகைக்கு இருப்பவர்களின் ஓட்டுகள் வீட்டுக்காரர்களின் ஓட்டுகளைவிட எத்தனையோ மடங்கு அதிகம் என்பதைக் கவனிக்காத கட்சி எதுவும் அங்கே இல்லை. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படி உறைந்து கிடக்கும் வாடகை நியாயமற்றது என்று சொன்ன பிறகுதான் 1999-ல் புதிய சட்டம் வந்தது. அதுவும் தாராளமாக எதையும் கொடுத்துவிடவில்லை. ஆண்டுக்கு 4 சதவீத உயர்வு. இருபது ரூபாய்க்கு 4 சதவீதம் எவ்வளவு என்று வாசகரே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வாடகையில் வராததை வீட்டுக்காரர் வேறு வழியில் வாங்கிக்கொண்டார். குடியிருப்பவர் மாறும்போது மொத்தமாக ஒரு தொகை. அதில் ஒரு பங்கு வெளியேறுகிறவருக்கு, ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு. இதற்குப் பெயர் பகடி. அங்கே பகடி என்றால் தலைப்பாகை, அதாவது மரியாதைப் பணம். தமிழில் பகடி என்றால் கேலி. இரண்டு மொழிகளும் சேர்ந்தே இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கலாம். பல காலம் குற்றமாக இருந்த பகடியை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்துவிட்டது. ஆக, லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவர் பத்திரப்படி வாடகைக்காரர். ஆனால் தான் பாதிச் சொந்தக்காரர் என்பது அவருடைய நினைப்பு. அது முழுக்கத் தவறென்றும் சொல்லமுடியாது.

வாடகை வராத வீட்டுக்கு யார் காரை பூசுவார்? யாரும் பூசவில்லை. அறுபதுகளில் கட்டடங்கள் சரியத் தொடங்கின. பெடேகர் குழு 1968-ல் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டில் சட்டம் வந்தது. இந்தியாவில் வேறு எந்த நகரத்திலும் காணாத ஓர் ஏற்பாட்டை அது கொண்டுவந்தது. தீவு நகரத்தின் பழைய வாடகைக் கட்டடங்களின் மீது ஒரு பழுதுபார்ப்பு வரி. சொத்து வரியோடு சேர்த்து மாநகராட்சி அதை வசூலித்துக் கொடுக்கும். சுமை கடைசியில் குடியிருப்பவர் தலையில் வந்து இறங்கும். அந்தப் பணத்தோடு அரசின் பணமும் சேர்த்து ஒரு வாரியம் கட்டடங்களைப் பார்வையிட்டுப் பழுதுபார்க்கும். அப்படி வரிக்குள் வந்த கட்டடங்கள் 19,642. அவற்றில் 1940 செப்டம்பருக்கு முன்னால் கட்டப்பட்டவை மட்டும் 16,502. இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 13,000. மற்றவை இடித்துக் கட்டப்பட்டவை, அல்லது தாமாகவே இடிந்தவை.

வீடு ஒருவருடையது, வரி இன்னொருவருடையது, பழுதுபார்க்கும் பொறுப்பு மூன்றாமவருடையது. குடும்பத்துப் பொதுக் கிணற்றில் தூர் வாரப் போகிறவர் யார் என்பது போன்ற சங்கதிதான் இது. வீட்டுக்காரருக்குக் கட்டடம் விழுந்தால்கூடப் பெரிய நஷ்டமில்லை. மனை மிஞ்சும். தென் மும்பையில் மனையின் மதிப்பு, மேலே நிற்கும் கட்டடத்தின் மதிப்பைப்போல எத்தனையோ மடங்கு. இப்படி நினைக்காத நல்ல வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லியாகவேண்டும். நூறு ரூபாய் வாடகையில் கூரை ஒழுக்கை அடைக்கமுடியாமல், குடியிருப்பவரைவிட மோசமான நிலையில் அதே கட்டடத்தின் மாடியில் வசிக்கும் வீட்டுக்காரர்களும் அங்கே உண்டு.

இந்தக் கட்டடங்கள் எப்படிச் சாகின்றன என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பம்பாய் வீடு பெரும்பாலும் மரத்தால் ஆன எலும்புக்கூடு. தேக்குத் தூண்கள், தேக்கு உத்திரங்கள், இடையே செங்கல், சுண்ணாம்புக் காரை. தேக்கு எளிதில் சாகாத மரம். அதைக் கொல்வது தண்ணீர். சால் என்று சொல்லப்படும் அந்த ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஒவ்வொரு மாடியிலும் கழிப்பிடங்களும் குளியல் இடமும் பின்பக்கம் ஒரே அடுக்காக இருக்கும். அங்கேதான் ஈரம் இறங்கும். உத்திரத்தின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில், யார் கண்ணுக்கும் படாமல் மரம் உளுத்துப்போகும். நடு உத்திரம் கல்லாக இருக்கும், நுனி பஞ்சாக இருக்கும். பிற்காலத்தில் சேர்த்த இரும்பு உத்திரங்களைக் கடல் காற்று அரித்துவிடும்.

இதற்கு மேல் மனிதர்கள் ஏற்றிய பாரம். மரப்பலகைத் தளத்தின் மேல் சிமெண்டும் டைல்ஸும். தெருக்குழாய்க்குப் பதிலாக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. ஒரு அறைக்குள் பிள்ளைகளுக்குத் திருமணமாகும்போது ஒரு பரண், அப்புறம் பரணே ஓர் அறை. தரைத்தளக் கடைக்காரர் இடம் போதவில்லை என்று இடைச்சுவரை எடுத்துவிடுவார். அது சுவரல்ல, மேலே மூன்று மாடிகளைத் தாங்கிக்கொண்டிருக்கும் தோள் என்பது அவருக்குத் தெரியாது. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் ஒரு கட்டடம் விழுந்து 17 பேர் இறந்ததற்குத் தரைத்தளத்தில் நடந்த மாற்ற வேலைகள்தான் காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்து, கைதும் நடந்தது. இந்த வீடுகள் பக்கத்து வீட்டின் மீது சாய்ந்து நிற்பவை. பக்கத்து வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினால், இத்தனை நாள் தோள் கொடுத்தது போய்விடும்.

வாரியத்தின் பழுதுபார்ப்பு இந்த நிலையில்தான் வருகிறது. முதலில் முட்டு. தொய்ந்த உத்திரத்துக்குக் கீழே சவுக்குக் கம்பத்தையோ இரும்புத் தூணையோ நிறுத்தி ஆப்பு அடிப்பார்கள். 'தற்காலிகம்' என்று கோப்பில் எழுதியிருக்கும். அந்த முட்டுகளில் கொடி கட்டித் துணி காயப்போட்டு, பிள்ளைகள் அவற்றைப் பிடித்துச் சுற்றி விளையாடி வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்த வீடுகள் உண்டு. நடுக்கூடத்தில் நான்கு முட்டுகளுக்கு இடையே கட்டிலைப் போட்டுக்கொண்டு தூங்குகிற குடும்பத்துக்கு முட்டுகள் வீட்டுச் சாமான்களாகிவிட்டன. முட்டுக்குப் பிறகு உண்மையான வேலை. உளுத்த தூணை எடுத்துவிட்டு இரும்போ கான்கிரீட்டோ வைப்பது. ஆனால் இதற்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. விலைவாசிக்கு ஏற்ப அதைப் பலமுறை உயர்த்தியிருக்கிறார்கள். வரம்புக்கு மேல் செலவாகும் என்றால் கட்டடம் 'பழுதுபார்க்கத் தகுதியற்றது'. அதாவது, எந்த வீட்டுக்கு மருந்து அதிகம் தேவையோ அந்த வீட்டுக்கு மருந்து கிடையாது. காலி செய்யவேண்டும்.

காலி செய்துவிட்டு எங்கே போவது? இந்தக் கேள்வியில்தான் பரிசோதனை என்ற விஷயமே முட்டிக்கொண்டு நிற்கிறது.

வாரியத்தின் விடை தற்காலிக முகாம். டிரான்சிட் கேம்ப் என்ற சொல் மும்பையில் மராத்தி, குஜராத்தி, உருது, தமிழ் எல்லா மொழிகளிலும் அப்படியேதான் வழங்குகிறது. சயானின் பிரதீக்ஷா நகர், விக்ரோலியின் கன்னம்வார் நகர் என்று நகரத்தின் வடக்கிலும் கிழக்கிலும் முகாம்கள் இருக்கின்றன. கீழே தையற்கடையில் வேலை, எதிர்ச் சந்தில் பள்ளிக்கூடம், நடந்துபோகும் தூரத்தில் மசூதியோ கோயிலோ, தெரிந்த மளிகைக்கடையில் கடன் என்று ஒரு தெருவுக்குள் வாழ்க்கையைச் சுருட்டி வைத்திருப்பவர்களை மின்சார ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவுக்குப் போகச் சொல்கிறார்கள். தற்காலிகமாகத்தான். ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்கள் விட்டுவந்த கட்டடத்தின் மனை சிறியது, தனியாக எதுவும் கட்டமுடியாது என்றார்கள். அல்லது சாலை விரிவாக்கத்துக்குப் போய்விட்டது என்றார்கள். அல்லது கட்ட வந்த பில்டர் பாதியில் ஓடிவிட்டார். இவர்களுடைய பெயர்களை வைத்துக்கொண்டு 'மாஸ்டர் லிஸ்ட்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது. வேறெங்காவது மறுகட்டுமானத்தில் உபரி வீடு கிடைத்தால் இந்தப் பட்டியலிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கும். மனு போட்டவர் காலமாகி, மகன் வாரிசுச் சான்றிதழோடு வந்து, பழைய வாடகை ரசீதைக் காட்டி, முகவரியை நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கவேண்டிய முகவரியில் இப்போது வேறொரு கட்டடம் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது.

போனவர்களின் கதை போகாதவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சாலிலும் அப்படிப் போன ஒரு மாமாவோ ஒன்றுவிட்ட அண்ணனோ இருக்கிறார். எனவே அடுத்த நோட்டீஸ் வரும்போது அவர்கள் செய்வது பிடிவாதம் அல்ல, அனுபவத்திலிருந்து போட்ட கணக்கு. உள்ளே இருக்கும் வரைதான் உரிமை. வாசலைத் தாண்டினால் உரிமை ஒரு கோப்பாகிவிடும்.

இந்தக் கணக்கு பரிசோதனையையே திரித்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம் என்று மாநகராட்சிச் சட்டம் சொல்கிறது. தணிக்கை முடிவில் மாநகராட்சி தரம் பிரிக்கிறது. சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்கவேண்டும். சி-2ஏ என்றால் காலி செய்து பெரிய பழுதுகளைப் பார்க்கவேண்டும். சி-2பி என்றால் காலி செய்யாமலேயே பார்க்கலாம். சி-3 சில்லறை வேலை. பார்க்க அறிவியல் போலத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் நியமிக்கும் தணிக்கையாளர் கட்டடம் சி-1 என்பார். குடியிருப்போர் நியமிக்கும் தணிக்கையாளர் அதே தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு சி-2பி என்பார். ஒரே மரம் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகச் சத்தம் போடுகிறது. இப்படிச் சிக்கல் வந்தால் தீர்த்துவைக்கத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். 2014-ல் உயர் நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளும் வகுத்துத் தந்தது. குழுவுக்குப் போய், நீதிமன்றத்துக்குப் போய், தடை வாங்கி, 'எங்கள் சொந்தப் பொறுப்பில் இருக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. எழுதிக் கொடுத்தவர் தலையில் கூரை விழுந்தால் யார் பொறுப்பு என்பது தெளிவாகிவிடும். கூரை விழாமலிருக்க யார் பொறுப்பு என்பது மட்டும் தெளிவாகாது.

எல்லாவற்றுக்கும் வாடகைக் கட்டுப்பாடுதான் காரணம், அதை ஒழித்துவிட்டால் வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வார் என்று ஒரு வாதம் இருக்கிறது. பொருளாதாரம் படித்தவர்கள் இதை மிகுந்த நம்பிக்கையோடு சொல்வார்கள். அவர்கள் 2013 செப்டம்பர் 27 அன்று டாக்யார்ட் ரோடு நிலையத்துக்கு அருகில் விழுந்த பாபு கேனு மார்க்கெட் கட்டடத்தைப் பற்றி யோசிக்கவேண்டும். அது நூறு வயதுக் கட்டடம் அல்ல. முப்பது வயதைச் சற்றே தாண்டியது. மரம் அல்ல, கான்கிரீட். ஏழை வீட்டுக்காரர் யாரும் இல்லை. உரிமையாளர் மும்பை மாநகராட்சியே. மாடிகளில் குடியிருந்தவர்கள் அதன் சொந்த ஊழியர்கள், அவர்களுடைய குடும்பங்கள். தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்தவர் உள்ளே மாற்றங்கள் செய்திருந்தார். பழுதுபார்க்கவேண்டிய கட்டடம் என்பது மாநகராட்சிக்குத் தெரிந்துதான் இருந்தது, உடனே காலி செய்யவேண்டியதாகத்தான் வகைப்படுத்தவில்லை. இறந்தவர்கள் 61 பேர். ஊரார் வீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிற அலுவலகம், தன் வீட்டுக்கு எந்தக் கதவில் ஒட்டும்?

இன்னொன்று, டோங்ரியில் 2019 ஜூலை 16 அன்று நடந்தது. கேசர்பாய் கட்டடம் என்று உலகம் முழுவதும் செய்தி போனது. 13 பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்கு இடையே ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வழக்காடல் தொடங்கிவிட்டது. 2017-ல் காலி செய்யச் சொல்லி மாநகராட்சி கொடுத்த கடிதம் வெளியே வந்தது. கட்டடம் மஹாடாவின் பொறுப்பு என்றது மாநகராட்சி. வரி செலுத்தும் கேசர்பாய் கட்டடம் இன்னும் நிற்கிறது, விழுந்தது அதன் பின்னால் அனுமதியில்லாமல் ஒட்டிக் கட்டிய பகுதி, அது தன் பொறுப்பல்ல என்றது மஹாடா. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சந்துக்கு இரண்டு அலுவலகங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஆட்கள் வந்து போனார்கள். ஒருவருடைய சுத்தியல் முன்பக்கச் சுவரோடு நின்றுவிட்டது, இன்னொருவருடைய பேனா கடிதத்தோடு நின்றுவிட்டது. நடுவில் ஒரு வீடு யாருடைய பதிவேட்டிலும் சேராமல் மனிதர்களோடு நின்றுகொண்டிருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2020 ஜூலை 16 அன்று, ஃபோர்ட் பகுதியில் பானுஷாலி கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. இறந்தவர்கள் 10 பேர்.

சட்டத்தால் இதைத் தீர்க்க முயலவில்லை என்று சொல்லமுடியாது. 1986-லேயே மஹாடா சட்டத்தில் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். 70 சதவீதக் குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், மாத வாடகையைப்போல நூறு மடங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்து கட்டடத்தை வாங்கிக்கொள்ளலாம். நூறு மாத வாடகைக்குத் தென் மும்பையில் ஒரு மனை! வீட்டுக்காரர்கள் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. உயர் நீதிமன்றத்தில் 1991-ல் தோற்று, உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அமர்வு மேல் அமர்வாக ஏறி, கடைசியில் ஒன்பது நீதிபதிகள் 2024 நவம்பர் 5 அன்று தீர்ப்பளித்தார்கள். தனியார் சொத்து எல்லாமே சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். அரசியல் சட்ட மாணவர்கள் இனி ஆண்டாண்டு காலத்துக்கு அதைப் படிப்பார்கள். தனியுடைமையா பொதுவுடைமையா என்று நாட்டின் மிகப் பெரிய கேள்வியாக உருவெடுத்த அந்த வழக்கு, பம்பாயில் ஒழுகும் கூரையை யார் அடைப்பது என்ற கேள்வியில் தொடங்கியது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்களோ, தெரியாது. வழக்கு நடந்த முப்பது ஆண்டுகளில் கூரைகள் ஒழுகிக்கொண்டுதான் இருந்தன.

2022-ல் இன்னொரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 79-ஏ என்ற பிரிவு. கட்டடம் ஆபத்தானது என்று அறிவித்துவிட்டால் இடித்துக் கட்டும் திட்டத்தைக் கொடுக்க வீட்டுக்காரருக்கு ஆறு மாதம். அவர் கொடுக்காவிட்டால் குடியிருப்போருக்கு ஆறு மாதம். அவர்களும் கொடுக்காவிட்டால் மஹாடாவே மனையை எடுத்துக் கட்டித் தரும். முதன்முறையாக ஒரு கெடு, கெடு தாண்டினால் ஒரு விளைவு. அரை நூற்றாண்டாக வந்த யோசனைகளில் இதுதான் உருப்படியானது. மஹாடா பொறியாளர்கள் உற்சாகமாக நோட்டீஸ் அனுப்பத் தொடங்கினார்கள். 935 நோட்டீஸ்கள். வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். இது அதிகார துஷ்பிரயோகம் என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஒரு கட்டடத்தை ஆபத்தானது என்று அறிவிக்கவேண்டியவர் யார் என்ற விஷயத்தில் மஹாடா சட்டம் சொன்ன வழியில் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு நீதிமன்றத்தைக் குறை சொல்லத் தோன்றும். அது சரியல்ல. 'ஆபத்தானது' என்ற ஒரு சொல்லுக்கு ஒரு மனிதரின் சொத்தையும் இன்னொருவரின் குடித்தனத்தையும் புரட்டிப் போடும் பலம் இருக்கும்போது, அதைச் சொல்கிறவர் ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும். அவசரத்தில் ஒட்டும் நோட்டீஸ், ஒட்டாமல் விட்ட நோட்டீஸைப் போலவே பயனற்றதாகிவிடுகிறது. ஒழுங்காகப் பார்ப்பதற்கு ஆட்கள் வேண்டும், நாட்கள் வேண்டும், உத்திரத்தின் நுனி தெரிய அங்கங்கே காரையைப் பெயர்த்துப் பார்க்கவேண்டும். அதற்கு வீட்டுக்குள் இருப்பவர் கதவைத் திறந்து, அலமாரியை நகர்த்தி இடம் விடவேண்டும். பொறியாளர் எழுதுவது தனக்கு எதிராக இருக்கும் என்று நினைக்கிறவர் அலமாரியை நகர்த்தமாட்டார். சுவருக்கு வண்ணம் அடித்து விரிசலை மறைப்பார். அப்படி மறைத்த வீடுகள் இருக்கின்றன.

2025-ஆம் ஆண்டின் 96 கட்டடங்களுக்காக மஹாடா ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டது. முகாம்களில் போதுமான அறைகள் இல்லை. அதனால் வெளியே வீடு பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் வாடகை தருவதாக அறிவித்தது. பழைய கணக்கில் பார்த்தால் நல்ல முன்னேற்றம். தென் மும்பையில் அதே தெருவில் இந்தத் தொகைக்கு ஓர் அறை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் முன்பணம் வேண்டும், பதினோரு மாத ஒப்பந்தம் வேண்டும். குடியிருப்போர் கேட்டது இந்தத் தொகையைப் பற்றி மட்டும் அல்ல. எத்தனை மாதத்துக்கு? கட்டி முடித்த பிறகு அதே இடத்தில் எத்தனை சதுர அடி? யார் பெயரில்? இவற்றை வெளியேறும் நாளிலேயே கையெழுத்துப் போட்ட பத்திரமாகக் கையில் கொடுக்க முடியுமா?

மழை தொடங்கும் நாளில் வாரியத்தின் கட்டுப்பாட்டு அறை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். தொலைபேசி எண்ணும் பட்டியலுக்குக் கீழேயே அச்சாகிறது. சுவரில் புதிய விரிசல் கண்டாலோ, கதவு திடீரென்று மூட மறுத்தாலோ, மேலேயிருந்து மண் உதிர்ந்தாலோ உடனே வெளியேறிவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடச் சொல்கிறார்கள். கதவு மூட மறுப்பது உண்மையிலேயே கெட்ட அறிகுறி. நிலை சாய்கிறது என்று அர்த்தம். பழைய சால்களில் உள்ள பெரியவர்களுக்கு இது தெரியும். மழை இரவுகளில் அவர்கள் எழுந்து கதவைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்கள்.